பத்துக்கு எவ்வளவு

பிப்ரவரி 3

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைத் தாள்கள் நாற்பத்திரண்டையும் திருத்தி முடித்தேன். இருபதுக்கு அதிகபட்சம் பதினொன்றரை. அதை வாங்கிய பெண்ணுக்கு முதலில் பன்னிரண்டு போட்டிருந்தேன். கடைசிப் பத்தியில் 'மிக மிக மிக அழகான' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அரை மார்க் வெட்டினேன். மூன்று 'மிக' போட்டால்தான் தெரியும் என்றால் அது என்ன அழகு?

திருத்தியது குப்புறப் படுத்துக்கொண்டு. நெஞ்சுக்கடியில் தலையணை, தரையில் தாள்கட்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இடுப்பின் அடியில் ஆரம்பித்து இடது தொடைவரை இறங்கிவிடுகிறது. நின்றால் இருபது நிமிடம்தான் தாங்குகிறது. இது மூன்றாவது வருஷம்.

தங்கை எட்டிப் பார்த்து, "என்னக்கா, நீச்சலா?" என்றாள். கூடவே, விடிந்ததிலிருந்து தனக்குத் தலை பிளக்கிறது என்றும் சொன்னாள். "பிளந்த மாதிரி தெரியலையே, இன்னும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கடையில் மருந்து இருக்கிற வியாதியெல்லாம் தனக்கும் கொஞ்சம் இருப்பதாக நினைப்பு. புருஷனை விட்டுவிட்டு என்னிடம் வந்து பதினாலு வருஷம். ஒரு நாள் கை, ஒரு நாள் கால், ஒரு நாள் கண். எறும்பு கடித்தாலும் ஊரைக் கூட்டியாக வேண்டும்.

பிப்ரவரி 9

தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ வேட்டு வைக்கப் போகிறார் என்று.

"உங்க உடம்புக்காகத்தான் சொல்றேன். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பைப் புது டீச்சர் எடுக்கட்டும். நீங்க பதிவேட்டு அறையைப் பாத்துக்கங்க. உக்காந்த வேலை. ஃபேன் இருக்கு."

ஃபேன் இருக்கிறதாம். இருபத்தாறு வருஷம் பத்தாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுத்தவளுக்கு ஃபேன். அந்தப் புது டீச்சர் எல்லாருக்கும் இருபதுக்குப் பதினெட்டு போடுகிறவள். மார்க் போடுகிறாளா, மிட்டாய் கொடுக்கிறாளா என்று தெரியவில்லை. அவளிடம் என் வகுப்பைக் கொடுத்தால் இரண்டே வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒற்றெழுத்து எங்கே வரும் என்று தெரியாது.

ரொம்ப நேரம் வாதாடினேன். கடைசியில், "பள்ளி திறக்கிற அன்னைக்கு ஒரு பீரியட் முழுசா நின்னு எடுத்துக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். நாற்பத்தைந்து நிமிடம். எனக்குப் பரீட்சை வைக்கிறார், எழுத்தில் நான்கு வரிக்கு நாலு பிழை விடுகிற மனுஷன்.

உட்கார்ந்தாலும் வலிக்கும் என்று அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 17

முதுகெலும்பு மருத்துவமனை. காத்திருக்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் வழி எங்கே தொடங்குகிறது? வழி எங்கே முடிகிறது? நடந்தால் வழி கூடுமா, குறையுமா?' பேருந்து நிலையத்தில் தொடங்குகிறது என்று எழுதலாமா என்று பார்த்தேன். மொத்தம் ஏழு இடம். ஏழிலும் ழகரத்தை அடித்து லகரம் போட்டுத் திருத்தினேன், சிவப்பு மையில். வலிக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் வலியையே ஒழுங்காக எழுதத் தெரியவில்லை.

படிவத்தின் அடியில் வரிசையாகப் பொம்மை முகங்கள். சிரிக்கிற முகத்துக்கு ஒன்று, அழுது வழிகிற முகத்துக்குப் பத்து. நம்முடையதை வட்டமிட வேண்டுமாம். மூன்றை வட்டமிட்டேன். பத்து என்றால் முழு மார்க். முழு மார்க் என்றால் இதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ரயிலில் கால் போனவனுக்கு அப்புறம் எதைக் கொடுப்பது? பக்கத்தில் இருந்த ஆள் கூசாமல் பத்தை வட்டமிட்டுவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து செல்போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

டாக்டருக்கு இன்னும் முகத்தில் பரு போகவில்லை. சின்ன டாக்டர் என்றே வைத்துக்கொள்வோம். படிவத்தைப் பார்த்து, "மூணுதானா? பரவாயில்லையே" என்றார். ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி 18

தங்கைக்கு இன்று முழங்கை வலியாம். காது கொடுக்கவில்லை.

மார்ச் 2

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிச் சின்ன டாக்டர் பாடம் எடுத்தார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு. கடைசி மூன்று வட்டும் எனக்குக் கெட்டிருக்கின்றன. வெளிவளையத்தில் வெடிப்பு.

"ஆனா படத்துல கெட்டிருக்கறது எல்லாமே வலிக்கணும்னு இல்லைங்க. எது வலிக்குதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சுட்டா பெரிசா வெட்டித் திறக்க வேண்டாம். ஒரு சின்னத் துளை, பேனா ரீஃபில் அளவு குழாய். அது வழியா உள்ள போய் வெடிப்புல சூடு வெச்சு, அங்க முளைச்சிருக்கற நரம்பு நுனியைச் சுட்டுடுவோம். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

பஞ்சர் ஒட்டுகிறவன்கூட இன்னும் கொஞ்சம் அடக்கமாகப் பேசுவான். ஆனால் பள்ளி திறக்க மூன்று மாதம்தான் இருக்கிறது. முதுகைத் திறந்து கம்பி வைத்துக்கொண்டு ஆறு மாதம் படுக்க எனக்கு நேரமில்லை. சரி என்றேன்.

மார்ச் 11

இன்று அந்தக் கண்டுபிடிக்கிற பரீட்சை. குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரத்துப் போகச் செய்து, மூன்று வட்டுக்கும் மூன்று ஊசி. ஒவ்வொன்றிலும் மருந்தை அழுத்துவாராம். எதில் அழுத்துகிறார் என்று சொல்ல மாட்டாராம். நான் சொல்ல வேண்டியது இரண்டு: இது உங்கள் பழைய வலிதானா, பத்துக்கு எவ்வளவு.

முதல் ஊசியில் லேசான கனம். "ஒண்ணு" என்றேன்.

இரண்டாவது. கண்ணில் பொறி பறந்தது. அதே வலி. மூன்று வருஷமாக என்னோடு படுத்து என்னோடு எழுந்திருக்கிற அதே வலிதான், கட்டிலோடு சேர்த்துத் தூக்கி அடித்த மாதிரி. மூச்சு நின்று வந்தது. "உங்க வலிதானா?" "ஆமா." "எவ்வளவு?"

யோசித்தேன். ஐந்து போடலாமா? ஆனால் மூன்றாவது இன்னும் பாக்கி இருக்கிறது. வருகிற தாளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டால் நல்ல தாள் வரும்போது எதைப் போடுவது? கட்டின் நடுவில் மார்க்கை ஏற்றுவது புது டீச்சர் மாதிரி ஆட்கள் செய்கிற வேலை.

"நாலு" என்றேன்.

மூன்றாவது ஊசி சப்பென்று போயிற்று. அதற்கு இரண்டு. ஒரு முனகல்கூட என்னிடமிருந்து வரவில்லை. நர்ஸ், "ரொம்ப தைரியம்மா உங்களுக்கு" என்றாள். தங்கையாக இருந்தால் கட்டடமே இடிந்திருக்கும்.

மார்ச் 15

முடியாதாம்.

"டெஸ்ட்ல எதுவும் சரியா வரலைங்க. குறைஞ்சது ஏழுன்னு சொன்னாத்தான் அந்த டிஸ்க்கைத் தொடுவோம். உங்களுக்கு எதுவுமே நாலைத் தாண்டலை. வலி டிஸ்க்குலேர்ந்து வரலைன்னுதான் எடுத்துக்கணும்."

ஏழு என்று முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா எல்லாரும் எட்டுன்னு சொல்லிடுவாங்களே" என்றார். பிறகு பேனாவை உருட்டிக்கொண்டே, மனசு சம்பந்தமாகவும் சில வலிகள் வரும், நல்ல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், ஒரு தடவை பேசிப் பார்க்கலாமே என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். டாக்டர், அந்த நாலு நாலு இல்லை என்று. வாய்வரை வந்தது. ஆனால் நான் போட்ட மார்க்கை நானே திருத்துவதா? கூட்டிப் போடச் சொல்லி வந்த எத்தனை அப்பா அம்மாவைப் படியேற விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 16

மனசாம்.

மார்ச் 24

குளியலறையில் சோப்பு விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுபோனேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் ஆறிப்போயிற்று.

தங்கை வந்து கதவைத் தட்டி, பிறகு தோளால் இடித்துத் திறந்தாள். பின்னாலிருந்து இரண்டு கையையும் என் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டாள். என் எடை அவளைப் போல ஒன்றரை மடங்கு. துண்டைச் சுற்றிவிட்டு, "கூப்பிட்டிருக்கலாமில்லக்கா" என்றாள்.

"எதுக்கு? ஊரைக் கூட்டவா?" என்றேன்.

மார்ச் 27

மூன்று நாளாகத் தங்கைதான் எல்லாம். காலையிலும் மாலையிலும் என்னைத் தூக்கி உட்கார வைக்கிறாள், செருப்பு மாட்டிவிடுகிறாள், படுக்கையைத் திருப்பிப் போடுகிறாள். விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. புது டீச்சர் என் வகுப்பில் நிற்கிறாள். என் மேசையில் பூங்கொத்து வரைந்த டப்பா ஒன்று வைத்திருக்கிறாளாம்.

பதிவேட்டு அறையிலேயே போய் உட்கார்ந்து சாக வேண்டியதுதானா. ஏன்டி, உனக்கு வாயில்லையா அன்னைக்கு? ஏழுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொன்னா கிரீடம் கழண்டு விழுந்துடுமா? விழுந்தா விழட்டுமே, குனிஞ்சு எடுக்கத்தான் முடியாது.

மார்ச் 29

தொலைபேசி. "டீச்சர், நான் உங்க பழைய ஸ்டூடன்ட். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே மெஷின் பாத்துக்கறேன்."

இந்த ஊரில் எங்கே போனாலும் என் பழைய மாணவர்கள்தான். யார் என்று கேட்டேன். பெயர் சொன்னாள், ஞாபகம் வரவில்லை. "லகரம் ழகரம் எல்லாம் மாத்தி மாத்தி எழுதுவேனே, டீச்சர்" என்றாள். உடனே முகம் வந்துவிட்டது. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். 'வாலைப்பழம்' எழுதியவள்.

அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்ததே அவள்தானாம். பரீட்சை நடந்த அன்று விடுமுறையில் இருந்திருக்கிறாள். நேற்றுக் கோப்பில் வைக்கும்போது சிவப்புத் திருத்தத்தைப் பார்த்திருக்கிறாள். "ஏழு இடத்துலயும் அடிச்சிருந்துச்சு டீச்சர். பாத்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் கீழ பாத்தா, மூணு. டெஸ்ட் பேப்பர்ல நாலு. உடனே டாக்டர்கிட்ட ஓடினேன்."

"ஓடி என்ன சொன்ன?"

"உள்ளதைத்தான் சொன்னேன். டாக்டர், இவங்ககிட்ட நான் கட்டுரையில நூத்துக்கு அம்பத்தெட்டு வாங்கினேன், அந்த வருஷம் ஸ்கூல்லயே அதுதான் முதல் மார்க்குன்னேன். ஸ்கூல்ல இவங்க பேரே 'அரை மார்க்'னு..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அரை மார்க். இருபத்தாறு வருஷமாக இந்தப் பெயர் என் காதில் விழாமல் எல்லாரும் எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இவங்க நாலுன்னா மத்தவங்க ஒன்பதுன்னு சொன்னேன் டீச்சர். டாக்டர் ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம் திரும்ப வரச் சொன்னார்."

சிரித்தாராம். வாலைப்பழக்காரி சிபாரிசில் எனக்கு மறுமதிப்பீடு. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் படுத்து யோசித்தேன். இருக்கிறது. பதிவேட்டு அறை. போவதாகச் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 6

மறுபடியும் குப்புற. இந்தத் தடவை சின்ன டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார்: "இப்ப உங்களுக்கு ஏழுங்கறது தெரிஞ்சுபோச்சு. அதனால சில தடவை அழுத்தாமலே அழுத்தினேன்னு சொல்வேன். பாத்துச் சொல்லுங்க." இந்த ஆளிடமிருந்து வந்த முதல் புத்திசாலித்தனமான வாக்கியம். வினாத்தாளில் பொறி வைக்கத் தெரிந்திருக்கிறது.

வாலைப்பழக்காரி ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள். "டீச்சர், தாளைத் திருத்தற மாதிரி யோசிக்காதீங்க. நீங்கதான் தாள்" என்றாள். வாய் நீளம்.

இரண்டு தடவை பொய்யாக அழுத்தினார். இரண்டையும் பிடித்துவிட்டேன். பிறகு நிஜமாகவே வந்தது. அதே இடம், அதே பொறி. கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "எவ்வளவு?" என்றார். வாயைத் திறந்தேன்; எண் வரவில்லை, "ஐயோ அம்மா" என்றுதான் வந்தது. சத்தமாக. நடைவழியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். பிறகு எண்ணையும் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. சின்ன டாக்டர், "கண்டுபிடிச்சாச்சு" என்று மட்டும் சொன்னார். வாலைப்பழக்காரி என் தோளைத் தொட்டாள். தட்டிவிடவில்லை.

ஏப்ரல் 12

முடிந்தது. ஐம்பது நிமிடம். விழித்துக்கொண்டேதான் இருந்தேன். குழாய் உள்ளே போவது தெரிந்தது, பிறகு ஆழத்தில் ஒரு சூடு. கடைசியில் ஒரே ஒரு சின்ன பிளாஸ்திரி. மூன்று வருஷத்துக்கு ஒரு பிளாஸ்திரி. மாலையில் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 17

முன்பைவிட மோசம். பஞ்சர் பிய்த்துக்கொண்டதோ என்னவோ. தொலைபேசியில் கேட்டால், "முதல் ரெண்டு மூணு வாரம் அப்படித்தாங்க இருக்கும், குனியாதீங்க, தூக்காதீங்க" என்கிறார். குனிவதும் தூக்குவதும் தங்கைதான்.

மே 1

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருகிறாள். "சூப்பர்மா, கலக்கறீங்க" என்கிறாள், நான் ஒரு காலை நாலு அங்குலம் தூக்கியதற்கு. இவளும் புது டீச்சரும் ஒரே கடையில் பாராட்டு வாங்குகிறார்கள் போல.

ஆனால் இன்று நின்றபடி இருபத்தெட்டு நிமிடம்.

மே 13

முப்பத்தைந்து. தொடைக்கு இறங்குவது நின்றுவிட்டது. இடுப்பில் மட்டும் ஒரு முணுமுணுப்பு.

ஒன்று கவனித்தேன். இரண்டு மாதமாகத் தங்கை ஒரு தடவைகூட 'ஐயோ' என்று சொல்லவில்லை. தலையும் இல்லை, முழங்கையும் இல்லை. கடைசியில் அவளுக்கும் புத்தி வந்துவிட்டது.

ஜூன் 4

பள்ளி திறந்தது. முதல் பீரியட் பத்தாம் வகுப்பு. தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கரும்பலகையில் வலி, வழி, வளி என்று எழுதி வித்தியாசம் கேட்டேன். ஒருவனுக்கும் மூன்றும் தெரியவில்லை. புது டீச்சரின் கைங்கரியம். மணி அடிக்கும்வரை நின்றேன். கடைசி ஐந்து நிமிடம் வலித்தது, ஆனால் நின்றேன்.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர், "வகுப்பு உங்களுதுதான்" என்றார். 'உங்களுடையது' என்று சொல்லத் தெரியாவிட்டாலும் சொன்ன விஷயம் சரி.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். சிரித்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே சிரித்தாள், எழுந்திருக்கவில்லை.

ஜூன் 19

காலையில் தங்கை வாளியைத் தூக்கியதைப் பார்த்தேன். ஒரு கையால் தூக்கி, மற்றக் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் உதட்டை விட்டுவிட்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

படியேறும்போது வலது காலை இழுக்கிறாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அன்னைக்குப் பாத்ரூம்லேர்ந்து உன்னைத் தூக்கினேன் இல்ல, அதுலேர்ந்து கொஞ்சம்" என்றாள். மார்ச் இருபத்துநாலு. மூன்று மாதம். அதற்குப் பிறகு தினமும் இரண்டு வேளை என்னைத் தூக்கியிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். யாரிடம் சொல்வாள்? சொன்ன போதெல்லாம் அவளுக்குக் கிடைத்தது என்ன? பதினாலு வருஷமாக இந்த வீட்டில் அவளுக்குப் பத்துக்குப் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தவள் நான். புத்தி வந்துவிட்டதாம் அவளுக்கு. த்தூ. இப்படி எழுதிய கைக்கு என்ன மார்க் போடுவது?

ஜூன் 27

தங்கையை அழைத்துக்கொண்டு போனேன். வரவே மாட்டேன் என்றாள். உனக்கு விட்டமின் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போனேன்.

சின்ன டாக்டர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார். தங்கையை உட்கார வைத்து, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று விசாரித்தார். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். பிறகு அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பத்துக்கு எவ்வளவும்மா?"

என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஒண்ணு, ஒன்றரை இருக்கும் டாக்டர்" என்றாள். அரை மார்க்கையும் சேர்த்து.

சின்ன டாக்டர் எழுதப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். எட்டு என்று போடுங்கள், ஒன்பது என்று போடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதுவும் நான் போடுகிற மார்க்தானே.

"அவளையே திரும்பக் கேளுங்க டாக்டர். நான் வெளியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தங்கை என் கையைப் பிடித்தாள். "எங்கக்கா போற?" என்றாள். "இங்கதான். நீ சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்று கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் குரல், மெதுவாக. கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. தலை என்று கேட்டது, முழங்கை என்று கேட்டது, நடுவில் அழுகை. நிற்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவு திறக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, "நின்னுக்கிட்டேவா இருந்தேக்கா?" என்றாள். பக்கத்தில் நாற்காலி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.